வெறும் வயிற்றில் நாச்சிமுத்து

எட்டு மணிக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர் இன்னும் வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில், செருப்புக் குவியலுக்கு அப்பால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்ததும் மயிலாத்தாள் எழப் பார்த்தாள். வேட்டிக்கு மேலே தொந்தி இருந்தது. தொந்தி இருந்தால் அது அவர் இல்லை. மறுபடி உட்கார்ந்தாள். ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய நாற்காலிகள். அவள் உட்கார்ந்த வேகத்தில் அந்தக் கோடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் லேசாக ஆடி, தாளை இறக்கி, அவளை ஒருதரம் மேலிருந்து கீழாகப் பார்த்து, மறுபடி தாளைத் தூக்கிக்கொண்டார். பார்க்கட்டும். யார்தான் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவள் பார்க்கிறாள், வளையல் கடைக்காரன் பார்க்கிறான், சொந்தப் புருஷனே மொபெட்டில் ஏறும்போதெல்லாம், பின்னாடி டயர் அழுவுது புள்ள, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்க என்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சிரித்தால் தோள் குலுங்கும். குலுங்குவதற்கு அங்கே சதை என்று ஒன்றும் கிடையாது, எலும்பும் அதன்மேல் இழுத்துக் கட்டின தோலும்தான். இந்தக் காலை வேளையில் அவள் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பது அந்த உடம்புக்காக. அதைப் போய் யாரிடம் சொல்வது. சொன்னால், நீ முதல்ல உன்ற ஒடம்பப் பாரு ஆத்தா என்பார்கள். சொல்லியும் இருக்கிறார்கள்.

ஏமாற்றித்தான் கூட்டிவந்திருக்கிறாள். எனக்கு வருசாந்திரம் ரத்தம் எடுக்கணும், துணைக்கு வாங்க என்று சொல்லி. அவருக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. நேரே கேட்டுப் பார்த்தாயிற்று. முதல் தடவை, ஆயக்குடி பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் போட்டபோது வரிசையில் நின்றவர், கொய்யாத் தோப்பில் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அன்றைக்குக் கரண்டே இல்லை. இரண்டாவது தடவை, போன வருசம், இதே கூடத்துக்கு வாசல்வரை வந்தார். எதிர்த்த கடையில் நின்று இரண்டு உளுந்துவடையைச் சட்னியில் முக்கி, அவள் பார்க்கப் பார்க்கத் தின்றுவிட்டு, அடடா, வெறும் வயித்துல வரணுமாமே, மறந்துட்டேன் பாரு என்றார். மறந்தாராம். பள்ளிப் பிள்ளை மாதிரி வாயோரத்தில் சட்னி. அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை. போன மாதம்தான் யோசித்தாள். அவர் வயிறு தானாகவே காய்ந்து கிடக்கிற நாள் ஒன்று மாதந்தவறாமல் வருகிறதே. கிருத்திகை. கிருத்திகையன்று பழனி மலையேறிச் சாமி பார்த்து இறங்கி, மத்தியானம் இலை போடுகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்த ஒன்றில் அவர் பொய் செய்யமாட்டார். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, அதோடு சரி. டாக்டர் சொல்கிற பன்னிரண்டு மணி நேரம் முருகன் தயவில் தானாக அமைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. இப்போது பார்த்தால், மணி ஒன்பதாகப் போகிறது, ஆளைக் காணோம். கிருத்திகைக் கூட்டம் என்று தெரியாதா அவருக்கு. விடியற்காலையிலேயே ஏறிவிட்டாரே. ஏறி, கும்பிட்டு, இறங்க எத்தனை நேரம். யாராவது ஊர்க்காரனைப் பிடித்து, மழை, விலை, வியாபாரி என்று நின்றிருப்பார். நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும்.

“மயிலாத்தா! மயிலாத்தா யாருங்க?” உள்ளே இருந்து அந்தப் பெண் வந்து கூப்பிட்டாள். இது மூன்றாவது கூப்பாடு. சின்னப் பெண், ரத்தம் எடுக்கிறவள், கையில் ரப்பர் உறை, நெற்றியில் சந்தனம். மயிலாத்தாள் பாதி எழுந்து, “இன்னொருத்தர அனுப்பு கண்ணு. என்ற வீட்டுக்காரர் வந்துரட்டும்” என்றாள்.

“உங்களுக்கு அப்புறம் வந்தவங்கெல்லாம் குடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. ஊசின்னா பயமா? வீட்டுக்காரர் கையப் புடிச்சாத்தான் குடுப்பீங்களா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. செய்தித்தாளும் குலுங்கியது. மயிலாத்தாளுக்குக் காது மடல் சுட்டது. பத்து வருசமாக வருசம் தவறாமல் கையை நீட்டுகிறவள் அவள், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினபோதுகூட முகம் சுளிக்காதவள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆட்களுக்கு நடுவில் எதையும் சொல்ல அவளுக்கு வாய் வருவதில்லை, வீட்டுக்குப் போய் முறத்தில் அரிசியைப் புடைக்கும்போதுதான் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வரும். உள்ளே போய்க் குடுத்துவிட்டு வந்து உட்காரலாம்தான். ஆனால் குடுத்து முடித்துவிட்டால் அவர் வந்ததும், முடிஞ்சுதா, கிளம்பு என்பார், செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். அவள் உள்ளே போக வேண்டியிருந்தால்தான் அவரும் உள்ளே வருவார். இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் எப்படி விளக்குவது. சிரிக்கட்டும். சுவரில் சிவப்பும் மஞ்சளுமாய் ரத்தக்குழாய் படம் மாட்டியிருந்தது, குழாய்க்குள் மஞ்சளாக, ஆறிப்போன குழம்பின்மேல் எண்ணெய் படிகிற மாதிரி. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களெல்லாம் அடுத்து அவளைத்தான் பார்க்கிறார்கள். படத்துக்கு ஆள் பிடித்து உட்கார வைத்தது போல.

பக்கத்து நாற்காலிக்காரி சரியாக அந்த நேரம் பார்த்துத் திரும்பினாள். நெய்க்காரப்பட்டியாம், சர்க்கரைக்கு வந்திருக்கிறாளாம். “அக்காவுக்குக் கொலஸ்ட்ராலுங்களா?” கேட்டாள், பதிலை உடம்பிலேயே படித்துவிட்டவள் மாதிரி. “கொள்ளு ரசம் வெச்சுக் குடிங்க. என்ற நாத்தனா குடிச்சு அப்படியே வத்திப்போயிட்டா.” மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். கொள்ளு ரசம், பூண்டுப் பால், ஊறவைத்த வெந்தயம், வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு. சொல்லாதவர்கள் பாக்கியில்லை. எல்லாம் குடித்தாயிற்று. முதல் தடவை ரத்தம் பார்த்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயசு, எடை எண்பத்தொன்று, கெட்ட கொழுப்பு நூற்றுப் பத்து, டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் மாதவிலக்கு நின்றது. நின்ற மறு வருசம் பார்த்தால் நூற்று அறுபது. எடை அதே எண்பத்தொன்று. அரைக் கிலோ கூடவில்லை, ஒரு கரண்டி எண்ணெய் கூட்டி ஊற்றவில்லை. என்னத்த தின்னே என்று கேட்டார் இவர். என்னத்தத் தின்றாள். வயசைத் தின்றாள். டாக்டரம்மாதான் பொறுமையாகச் சொன்னார், அது நிக்கிற வரைக்கும் உடம்புல ஒரு காவல் இருக்குதுங்கம்மா, நின்னதும் காவல் போயிருது, பொம்பளைங்களுக்கு அப்பத்தான் ஏறும், ஆம்பளைங்களுக்கு அதுக்கு ரொம்ப முன்னாலயே ஏற ஆரம்பிச்சிரும், அவங்க யாரும் வந்து பாக்கறதில்லை என்று. அதன் பிறகு ஒரு வருசம் வாய்க்கால் கரையில் நடந்தாள். நாய் குரைக்க, ஆள் கிண்டல் செய்ய, விடிவதற்கு முன் நடந்து எட்டுக் கிலோ இறக்கினாள். டிரைகிளிசரைடு என்று ஒன்று இருக்கிறது, அது இருநூற்று நாற்பதிலிருந்து நூற்றைம்பதுக்கு மளமளவென்று இறங்கிவிட்டது. அது தொந்தியோடும் தின்கிற சோற்றோடும் சேர்ந்து போகிற சாதி. கெட்ட கொழுப்போ, நூற்று அறுபது நூற்றைம்பத்து நாலு ஆனது. அவ்வளவுதான். எட்டுக் கிலோவுக்கு ஆறு. அவளுக்கு அழுகை வந்தது. அதற்கும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. பாதிக்கு மேல ஈரல் தானா உண்டாக்கிக்குதுங்க, உங்க பெத்தவங்க குடுத்ததும் அதுல இருக்கு, நடக்கறத விடாதீங்க, ஆனா இதுக்கு ராத்திரி ஒரு மாத்திரை போடுங்க என்றார். ஒரு மாத்திரை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அடுத்த தடவை பார்த்தால் தொண்ணூறு. வாய்க்கால் கரையும் கொள்ளு ரசமும் செய்யாததை அந்தப் பொடி மாத்திரை செய்துவிட்டது. அவ்வளவு எளிசான ஒன்றை ஒரு மனிதர் தனக்கு வேண்டாம் என்கிறார்.

“உங்க வீட்டுக்காரருக்கும் இருக்குதுங்களா?” நெய்க்காரப்பட்டிக்காரி விடவில்லை.

“தெரியலீங்க. பார்த்ததில்ல.”

“ஆளு எப்படி? உங்களாட்டமா?”

“ஒல்லிங்க.”

“அப்ப ஒண்ணும் இருக்காதுங்க. குடுத்து வெச்ச ஒடம்பு.”

இதுதான். இந்தச் சொல்தான். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்குக் காது புளித்துப்போயிருக்கிறது. அவருடைய அண்ணன் கிட்டுசாமியைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் நாலு பேர் இதையேதான் சொன்னார்கள், கயிறு மாதிரி உடம்பாச்சே, அதுக்குப் போய் எப்படி மாரடைப்பு வரும் என்று. தோப்பு மோட்டாரைப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்தெட்டு வயசு. காத்துக் கருப்பு என்றார்கள், கண்ணு பட்டுருச்சு என்றார்கள், மருந்து அடித்த வயலில் நடந்திருப்பார் என்றார்கள். எதை வேண்டுமானாலும் நம்பத் தயாராக இருந்தார்கள், ஒல்லியானவன் ரத்தத்தில் கொழுப்பு இருக்கும் என்பதைத் தவிர. மாமனார் போனதும் அப்படித்தான். ஒல்லி. ஐம்பத்தாறு. தூங்கினவர் எழுந்திருக்கவில்லை, என்ன நிம்மதியான சாவு என்று ஊரே பொறாமைப்பட்டது. மாமனாரையும் அண்ணனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. அண்ணன் செத்த துஷ்டி வீட்டில் அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது, படி கையிலேயே நின்றுவிட்டது. இவருக்கு இப்போது அறுபத்து மூன்று. அந்த இரண்டு பேர் தாண்டாததைத் தாண்டிவிட்டார். அதுதான் அவருக்குத் தைரியம். அவளுக்கு அதுவே பயம். போன கிருத்திகையிலிருந்து இந்தக் கிருத்திகை வரை, ராத்திரி அவர் குறட்டை நின்றால் அவளுக்கு விழித்துக்கொள்ளும். குறட்டை விட்டாலும் எரிச்சல், நின்றாலும் எரிச்சல். இவரோ, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் வெள்ளைக் கொழுப்பாகப் பார்த்து எனக்குப் போடு, உனக்கு ஆகாது என்று இலையிலிருந்து பொறுக்கிக்கொள்வார். இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் குளம் கட்டவேண்டும். தின்றுவிட்டு மெலிந்த வயிற்றைத் தட்டிக் காட்டி, பாரு, எங்கயாச்சும் ஒட்டுதா என்பார். வெளியே ஒட்டாதது உள்ளே எங்கே ஒட்டுகிறது என்று யார் கண்டது. அவளுக்கு வெளியே ஒட்டினதை ஊரே பார்க்கிறது, திட்டுகிறது, ரசம் வைத்துக் குடிக்கச் சொல்கிறது. அவருக்கு உள்ளே ஒட்டினால் பார்ப்பதற்கு இந்த ஊசி ஒன்றை விட்டால் வழி கிடையாது. அதற்கு அந்த மனிதர் வரவேண்டுமே. இறங்கத் தெரியாதா. மலை என்ன வளர்ந்துவிட்டதா இன்றைக்கு. தலை லேசாகச் சுற்றியது. பசி. பசித்தால் அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இன்னும் பசிக்கும். எதிர்க்கடையில் எண்ணெய்ச் சட்டியில் வடை விழுகிற சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. ஒருவேளை அங்கேயே நிற்கிறாரோ. கிருத்திகை என்பதையும் மறந்து. இல்லை, அது மட்டும் செய்யமாட்டார்.

வந்தார். செருப்பை ஒன்றன்பின் ஒன்றாக, ஏதோ பெரிய வேலை போல நிதானமாகக் கழற்றினார். நெற்றி கொள்ளாமல் விபூதி, வேர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “முடிஞ்சுதா?” என்றார்.

“இல்ல. மணி என்ன ஆச்சு?”

“கூட்டம் புள்ள.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, வாயில் அவ்வளவு இருந்தது. அதற்குள் அந்தப் பெண் வெளியே தலையை நீட்டி, “வந்துட்டாருங்களா? அப்பாடா! நாச்சிமுத்து, மயிலாத்தா, ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

இதோ, இப்போது வரும். மயிலாத்தாள் தயாரானாள். என்ற பேரு எதுக்கு அங்க இருக்குது என்பார். எலும்புல ஊசி முட்டி வளைஞ்சிரும் பாப்பா என்று அந்தப் பெண்ணைச் சிரிக்க வைப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பார். அதற்கெல்லாம் அவள் பதில் வைத்திருந்தாள், ஒரு மாதமாக முறத்தோடு முறமாகப் புடைத்து வைத்த பதில்கள், மாமனார் பெயரையும் அண்ணன் பெயரையும் சேர்த்து. அவரோ அவளை ஒருதரம் பார்த்தார், சரி நட என்பது போல் தலையை ஆட்டினார், உள்ளே போய்த் தானே நாற்காலியில் உட்கார்ந்து, தானே சட்டைக் கையை மடித்தார். அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“வெறும் வயிறுதானுங்களே?” அந்தப் பெண் ரப்பர்ப் பட்டையை எடுத்தாள்.

“கிருத்திகை விரதம் பாப்பா. பச்சைத் தண்ணி படல.”

சொல்லும்போதே நெய்யும் ஏலக்காயும் மணத்தது. மயிலாத்தாள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. “ஏனுங்க, கையில என்ன?”

“பஞ்சாமிர்தம். மேல ஒரு புண்ணியவான் அள்ளி அள்ளிக் குடுத்தாரு. ரெண்டு கை வாங்கினேன்.”

“தின்னீங்களா?”

“பிரசாதம் புள்ள அது. தின்னுவாங்களா? வாயில போட்டுக்கிட்டேன்.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், பேரீச்சை, இரண்டு கை. வடையைக் கணக்கில் எடுத்தாள், டீயைக் கணக்கில் எடுத்தாள், ராத்திரி இட்லியை எட்டு மணிக்குள் முடிக்க வைத்தாள். முருகனைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டாள். இந்த ஊரில் எந்தப் புருஷனுக்கும் பிரசாதம் சாப்பாட்டில் சேர்ந்ததில்லை, அவளுக்கேகூடச் சேர்ந்ததில்லை, அதனால்தான் தப்பியது. இப்போது சொன்னால், நாளைக்கு வாங்க என்று இந்தப் பெண் அனுப்பிவிடுவாள். நாளைக்கு என்பது வராது. சொல்லாவிட்டால், வருகிற எண் தப்பாக இருக்கும். தப்பான எண்ணை அவள் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் நீட்டுவதா. “கண்ணு,” என்றாள் கடைசியில், மிகவும் சின்னக் குரலில், “இவரு பஞ்சாமிர்தம் சாப்பிட்டிருக்காரு.”

“பரவாயில்லீங்கம்மா. கெட்ட கொழுப்பு அதுல பெருசா மாறாது. டிரைகிளிசரைடுதான் கொஞ்சம் ஏத்திக் காட்டும். நான் குறிச்சு வெச்சர்றேன்.”

பரவாயில்லையா. அவ்வளவுதானா. அப்படியென்றால் வடையன்றைக்கே எடுத்திருக்கலாமே. ஒரு வருசம். ஒரு வருசத்தை இரண்டு உளுந்துவடைக்குப் பயந்து தூக்கிக் கொடுத்திருக்கிறாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவள் நின்றாள். அந்தப் பெண் அவர் புஜத்தில் பட்டையை இறுக்கினாள், நரம்பு கயிறு கயிறாக எழுந்தது. “சூப்பர் நரம்புங்க ஐயா” என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஊசியையும் பார்க்கவில்லை. மயிலாத்தாள் பக்கம் முகத்தைத் திருப்பி, யாருக்கும் கேட்காமல், “புள்ள” என்றார்.

“என்னுங்க.”

“இன்னிக்கு ஏற முடியல. இடும்பன் சன்னதிகிட்ட உக்காந்துட்டேன். மறுபடியும் கொஞ்சம் ஏறி உக்காந்தேன், அப்படியே உக்காந்து உக்காந்துதான் மேல போய்ச் சேந்தேன். இங்க,” நெஞ்சின் நடுவில் ஒட்டுகிற விரல்களை வைத்தார், “யாரோ முழங்கால வெச்சு அமுத்தற மாதிரி. எறங்கும்போது சரியாப் போச்சு. மறுபடியும் இப்ப இந்தத் தெருவுல நடக்கையில.”

மயிலாத்தாளுக்குள் சுற்றிக்கொண்டிருந்த அத்தனையும் நின்றது. நூற்றுப் பத்தும் நூற்று அறுபதும், வாய்க்கால் கரையும், வடையும், முறத்துப் பதில்களும் ஒரேயடியாக நின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. செருப்பை அவ்வளவு மெதுவாகக் கழற்றினாரே. அப்போது அவள் மணி என்ன என்று கேட்டாள்.

“அவுத்து உடு கண்ணு,” என்றாள்.

“ஒரு நிமிசம்மா, ஊசி போட்டாச்சுன்னா முடிஞ்சுது.”

“அவுத்து உடுன்னு சொல்றனல்ல!” அந்தக் குரல் கூடத்துக்கே கேட்டது. செய்தித்தாள் இறங்கியது, நெய்க்காரப்பட்டிக்காரி எழுந்து நின்றாள். யார் பார்க்கிறார்கள் என்று மயிலாத்தாள் பார்க்கவில்லை. “நெஞ்சு அடைக்குதுங்கறாரு. ஈசிஜி எங்க எடுக்கறாங்க? பக்கத்துல டாக்டர் யாரு இருக்காங்க?”

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பட்டையை உருவி எறிந்தாள். “பக்கத்துக் கட்டடம்தாங்கம்மா, கீழயே. அவர நடக்க விடாதீங்க. நான் போயி சக்கர நாற்காலி கொண்டாறச் சொல்றேன்.” வெறுங்காலோடு வாசலைத் தாண்டி ஓடினாள்.

“எதுக்கு புள்ள இத்தனை கூப்பாடு,” என்று அவர் எழப் பார்த்தார். “நாலு எட்டு. நடந்தே போயிரலாம். நான் என்ன உன்ற மாதிரியா, காத்துல போற ஒடம்பு.”

“உக்காருங்க.” அவள் அவர் தோளில் கையை வைத்தாள். நாற்பது வருசத்தில் நாலு பேர் நடுவே அவரைத் தொட்டதில்லை. தன் முழு எடையையும் அந்தக் கையில் இறக்கி, எழ முடியாதபடி அழுத்திக்கொண்டு நின்றாள். கைக்கு அடியில் தோள் எலும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் தலையை மட்டும் சாய்த்து அவளுடைய பெரிய வயிற்றில் வைத்துக்கொண்டார். வாசலில் சக்கரச் சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.